விலை கொடுத்தவர் யார்?



எந்தப் பொருளில் வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை தந்தீர்கள். தன்பாலினத் திருமணத்தை ஒரு தலைவர் மேடையேறி ஆதரித்தால் அரசியலில் அவருக்கு என்ன நேர்கிறது என்பதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2023 அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டுமானால் அதைச் செய்யவேண்டியது சட்டமியற்றும் மன்றங்களே என்று தீர்ப்பளித்தது. ஆகவே இனி வாய் திறக்க வேண்டியவர்கள் அரசியல் தலைவர்கள். வாய் திறந்தால் வாக்கு போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது? பேச்சு, எதிர்ப்பு, தேர்தல், சட்டம், அதற்குப் பிந்தைய கணக்குத் தீர்ப்பு என்று முழுச் சுற்றும் நடந்த ஒரு நாட்டை வைத்துத்தான் இதற்கு விடை தேட முடியும். அதனால் இன்று நான் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியே பேசப்போகிறேன்.

2012 மே 6, ஞாயிற்றுக்கிழமை. குடியரசுத் தலைவர் தேர்தலுக்குச் சரியாக ஆறு மாதம் இருக்கிறது. 'மீட் தி பிரஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இரண்டு நாள் முன்பே பதிவு செய்யப்பட்ட துணைக் குடியரசுத் தலைவர் ஜோ பைடனின் பேட்டி ஒளிபரப்பாகிறது. தன்பாலினத் திருமணம் பற்றிக் கேள்வி வருகிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்வதிலும் மற்றத் தம்பதியருக்குள்ள அத்தனை உரிமைகளையும் அவர்கள் பெறுவதிலும் தனக்கு எந்தத் தயக்கமும் இல்லை என்று பைடன் சொல்லிவிடுகிறார். 'வில் அண்ட் கிரேஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர்தான் இந்த விஷயத்தில் அமெரிக்க மக்களின் கண்களைத் திறந்தது என்றும் சொல்கிறார். இதே பைடன் 2008 அக்டோபரில் நடந்த துணைத் தலைவர் வேட்பாளர் விவாதத்தில், தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னவர்.

வெள்ளை மாளிகை பதறிப்போனது. அவர் சொன்னதில் புதிய கொள்கை எதுவும் இல்லை என்று ஞாயிறன்றே விளக்கம் கொடுத்தார்கள். திங்கள் காலை கல்வி அமைச்சர் ஆர்னி டங்கனிடம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆம், ஆதரிக்கிறேன் என்றார் அவர். அன்று செய்தியாளர் சந்திப்பில் செய்தித்தொடர்பாளர் ஜே கார்னியை விடாமல் துளைத்தெடுத்தார்கள். துணைத் தலைவருக்கும் அமைச்சருக்கும் கருத்து இருக்கிறது, குடியரசுத் தலைவருக்கு மட்டும் இல்லையா? ஒபாமாவோ தன் எண்ணம் மாறிக்கொண்டு வருகிறது என்று 2010-இலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வட கரோலினா மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் ஒன்றே செல்லும் என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதும் திருத்தம், 61 விழுக்காடு வாக்குகளோடு நிறைவேறியது. 2008-இல் ஒபாமா வட கரோலினாவை வென்றது நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வெறும் 14,000 சொச்சம் வித்தியாசத்தில். அந்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய கட்சி மாநாடு நடக்கவிருந்ததும் அதே மாநிலத்தின் ஷார்லட் நகரில்தான்.

மறுநாள், மே 9 புதன்கிழமை, வெள்ளை மாளிகையின் அமைச்சரவை அறையில் ஏபிசி தொலைக்காட்சியின் ராபின் ராபர்ட்ஸ் முன்னால் ஒபாமா உட்கார்ந்தார். தன்னிடம் பணிபுரிபவர்களில் தன்பாலின இணையராக வாழ்ந்து பிள்ளை வளர்ப்பவர்களைப் பற்றிப் பேசினார். நாட்டுக்காகப் போரிட்டும் மணம் செய்துகொள்ள முடியாத வீரர்களைப் பற்றிப் பேசினார். தன் மகள்களின் தோழிகளில் சிலருக்குப் பெற்றோர் இருவரும் ஒரே பாலினத்தவர் என்றும், அவர்களை வேறுமாதிரி நடத்த வேண்டும் என்று சொன்னால் தன் பிள்ளைகளுக்கு அது புரியவே புரியாது என்றும் சொன்னார். பிறர் உனக்கு எதைச் செய்ய விரும்புகிறாயோ அதைப் பிறருக்குச் செய் என்ற விவிலிய நெறியைத் துணைக்கு அழைத்தார். தன்பாலின இணையர் மணம் செய்துகொள்ள முடிய வேண்டும் என்பதே என் கருத்து என்று முடித்தார். பதவியிலிருக்கும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவர் இப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

ராபின் ராபர்ட்ஸ் கறுப்பினப் பெண், கிறித்தவ நம்பிக்கை உடையவர். தன் துணை ஒரு பெண் என்பதை அவர் அப்போது பொதுவெளியில் சொல்லியிருக்கவில்லை. 2013 டிசம்பரில்தான் சொன்னார். அந்த அறையில் எதிரெதிரே இருந்த இருவரில் ஒருவருக்கு அன்று பேசப்பட்டது தன்னுடைய சொந்த வாழ்க்கை. அது ஊருக்குத் தெரியாது. அந்தப் பேட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே முதலில் மனத்தில் வருகிறது.

இது துணிச்சலா? துணிச்சல்தான். ஆனால் எத்தனை ஆண்டு தாமதமான துணிச்சல் என்பதையும் பார்க்க வேண்டும். 1996-இல் இல்லினாய் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது, சிகாகோவின் தன்பாலின ஈர்ப்புடையோர் பத்திரிகை ஒன்று அனுப்பிய வினாத்தாளுக்கு ஒபாமா எழுத்தில் விடை தந்தார். தன்பாலினத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்குவதை ஆதரிக்கிறேன் என்று அதில் இருக்கிறது. 2004-இல் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டபோது அந்தக் குரல் இல்லை. திருமணம் வேண்டாம், சட்ட ஏற்புள்ள இணைவாழ்வு போதும் என்றார். 2008 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவின் சாடில்பேக் தேவாலயத்தில் போதகர் ரிக் வாரன் கேட்டபோது, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்றும், கிறித்தவரான தனக்கு அது புனிதமானது என்றும் சொன்னார். அவருடைய நெருங்கிய ஆலோசகர் டேவிட் ஆக்ஸல்ராட் 2015-இல் வெளியிட்ட நினைவு நூலில், ஒபாமா மனத்தளவில் ஆதரவாகத்தான் இருந்தார், கறுப்பினத் திருச்சபைகளின் எதிர்ப்பை எண்ணி நாங்கள்தான் அடக்கி வாசிக்கச் சொன்னோம் என்ற பொருள்பட எழுதினார். ஒபாமா அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. தன் தனிப்பட்ட உணர்வையும் தன் கொள்கை நிலைப்பாட்டையும் ஆக்ஸல்ராட் குழப்பிக்கொண்டார் என்றார். இருவரில் யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. 1996-இன் தாள் இருக்கிறது, 2008-இன் பதிவும் இருக்கிறது.

அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் ஒபாமா அல்லர். 2008 மே மாதம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. அதை ரத்து செய்ய எட்டாம் முன்மொழிவு என்ற சாசனத் திருத்தத்தை எதிர்ப்பாளர்கள் நவம்பர் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒபாமா அந்தத் திருத்தத்தை எதிர்த்தார். ஆனால் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ற அவருடைய வாசகம் கையிலிருக்கும்போது திருத்தத்தை ஆதரிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் படத்தையும் அவர் சொன்னதையும் அச்சடித்து வீடுவீடாக அனுப்பினார்கள். நவம்பர் 4 அன்று கலிபோர்னியாவில் ஒபாமா 61 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். அதே நாளில் எட்டாம் முன்மொழிவும் 52 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. ஒபாமாவுக்கு வாக்களித்து, திருமண உரிமைக்கு எதிராகவும் வாக்களித்தவர்கள் அந்த மாநிலத்தில் இருந்தார்கள். எச்சரிக்கைக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் சொன்னவரைக் காப்பாற்றியது, வேறு யாரையோ காயப்படுத்தியது. தலைவர்கள் தங்களுக்கு வரும் ஆபத்தைக் கணக்கிடும்போது இந்தப் பத்தியைக் கணக்கேட்டில் எழுதுவதே இல்லை.

அவர்கள் ஏன் இவ்வளவு பயந்தார்கள்? பயம் காற்றிலிருந்து வரவில்லை. 1996 செப்டம்பரில், திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே என்று ஒன்றிய அரசுக்கு வரையறுத்துத் தந்த திருமணப் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கிளின்டன் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் அவையில் 342-க்கு 67, செனட்டில் 85-க்கு 14 என்று அது நிறைவேறியிருந்தது. தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவு அன்று கேலப் கணிப்பில் 27 விழுக்காடு. விழா எதுவும் இல்லாமல் நள்ளிரவு தாண்டிக் கையெழுத்திட்டவர், அடுத்த சில வாரங்களில் கிறித்தவ வானொலிகளில் அதையே தன் சாதனையாக விளம்பரப்படுத்தினார். 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தல் நாளில் பதினொரு மாநிலங்களில் தடைத் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன, பதினொன்றும் நிறைவேறின. ஒஹையோவில் 62 விழுக்காடு பேர் தடைக்கு வாக்களித்தார்கள். அதே ஒஹையோவை ஜார்ஜ் புஷ் ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்குகளில் வென்று மறுபடி பதவிக்கு வந்தார். திருமணத் தடைதான் அவரை வெல்ல வைத்ததா என்பதில் அரசியல் ஆய்வாளர்களுக்குள் கடைசிவரை ஒத்த கருத்து இல்லை. ஆனால் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஒரு நம்பிக்கை பொய்யாக இருந்தாலும் அது எட்டு ஆண்டு ஒரு கட்சியின் வாயை அடைத்து வைக்க முடியும்.

2004-இல் புஷ்ஷின் பிரச்சாரத்தை நடத்திய மேலாளர் கென் மெல்மன். 2010 ஆகஸ்டில் அவர் தானே தன்பாலின ஈர்ப்புடையவர் என்று அறிவித்து, திருமண உரிமைக்காக வேலை செய்யத் தொடங்கினார். 2012-இல் ஒபாமா இதை எப்படிச் சொன்னால் மக்களிடம் எடுபடும் என்று வெள்ளை மாளிகைக்கு யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்று பின்னால் வெளிவந்த நூல் பதிவு செய்கிறது. அந்தப் பயத்தை வளர்த்த பிரச்சாரத்தின் உள்ளேயே இருந்தவருக்கு அந்தப் பயத்தின் உண்மையான எடை தெரிந்திருந்தது.

சரி, வாய் திறந்த ஒபாமாவுக்கு என்ன நடந்தது? வட கரோலினாவை இழந்தார். இரண்டு விழுக்காடு வித்தியாசம். அதற்கு இந்தப் பேட்டிதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நூலிழையில் கிடைத்த மாநிலம், பொருளாதாரம் தள்ளாடிய நேரத்தில் கைநழுவியது. மற்றபடி 332 தேர்வாளர் வாக்குகள், மொத்த வாக்கில் 51 விழுக்காடு. ஒஹையோவும் அவருக்கே. எதிர் வேட்பாளர் மிட் ராம்னி அன்றே தன் எதிர்ப்பைத் திரும்பச் சொன்னார், ஆனால் அதைத் தேர்தல் முழக்கமாக்கவில்லை. பிரதிநிதிகள் அவைத் தலைவர் ஜான் பேனர் நான் வேலைவாய்ப்பைப் பற்றித்தான் பேசுவேன் என்று ஒதுங்கிக்கொண்டார். எட்டு ஆண்டுக்கு முன்னால் இதே ஆயுதத்தை எடுத்த கட்சி இப்போது அதைத் தொடத் தயங்கியது.

கறுப்பின வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பதுதான் ஒபாமாவின் ஆலோசகர்களை மிகவும் உறுத்திய அச்சம். அறிவிப்பு வந்த அன்றே ஒபாமா கறுப்பினப் போதகர்கள் சிலரோடு தொலைபேசியில் பேசினார். அவர்களில் சிலர் ஒப்பவில்லை. வெளிப்படையாக எதிர்த்துக் கூட்டம் போட்ட போதகர்களும் உண்டு. ஆனால் மே 19 அன்று, 1909-இலிருந்து கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் ஆட்சிக்குழு, திருமண சமத்துவத்தை ஒரு குடிமை உரிமையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. நவம்பரில் தகுதியுள்ள கறுப்பின வாக்காளர்களில் 66.2 விழுக்காடு பேர் வாக்களித்தார்கள் என்பது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்கு. ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர்களில் அது 64.1. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் அதிக விகிதத்தில் வாக்களித்ததாக அந்தத் துறை பதிவு செய்தது அதுவே முதல் முறை. அவர்களில் 93 விழுக்காடு ஒபாமாவுக்கு. திருச்சபையின் சொல்லை மீற மாட்டார்கள் என்று அந்த மக்களைப் பற்றிப் போட்ட கணக்கு, அவர்களைக் குறைத்து மதிப்பிட்ட கணக்கு.

அந்தப் பேச்சால் நடந்த நன்மையையும் சொல்ல வேண்டும். மேரிலாந்தில் ஆளுநர் மார்ட்டின் ஓமாலி மார்ச் மாதம் திருமணச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார், அது நவம்பரில் மக்கள் வாக்குக்குப் போகவிருந்தது. மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். மார்ச் கணிப்பில் அவர்களில் 39 விழுக்காடு பேர்தான் சட்டத்தை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். ஒபாமா பேசிய பின் மே மாதக் கடைசியில் அதே நிறுவனம் கேட்டபோது அது 55 ஆகியிருந்தது. நவம்பரில் சட்டம் 52 விழுக்காட்டோடு தப்பியது. அதே நாளில் மெய்னும் வாஷிங்டன் மாநிலமும் மக்கள் வாக்காலேயே திருமண உரிமையை ஏற்றன. மின்னசோட்டா தடைத் திருத்தத்தைத் தோற்கடித்தது. அதற்குமுன் எந்த மாநில மக்களும் வாக்குப்பெட்டி வழியாக இந்த உரிமையைத் தந்ததில்லை. ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு வலு இருக்கிறது என்றால், அதைச் சொல்லாமல் வைத்திருந்த ஆண்டுகளுக்கும் அவ்வளவு கனம் உண்டு.

இங்கே நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். உச்சியில் இருந்தவர் தனக்கு ஆபத்து என்று மிக நீண்ட காலம் காத்திருந்தார், கடைசியில் அவர் கொடுத்த விலை மிகக் குறைவு. அவருக்கு முன்னாலேயே, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், தங்கள் கடமை என்று எண்ணிச் செய்தவர்கள்தான் முழு விலையையும் கொடுத்தார்கள். அவர்களின் பெயர்கள் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பெயர்களை இந்த அவையில் உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

அயோவா மாநிலம். சோளமும் சோயாவும் விளையும் நடு அமெரிக்கா. 2009 ஏப்ரல் 3 அன்று அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து, தன்பாலின இணையருக்குத் திருமணத்தை மறுப்பது மாநில சாசனத்தின் சமத்துவ நெறிக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். அங்கே நீதிபதிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மக்கள் வாக்குக்கு வர வேண்டும். எதிர்த்து நிற்பவர் யாரும் கிடையாது. இவர் தொடரலாமா, கூடாதா என்ற ஒரே கேள்விதான் வாக்குச்சீட்டில் இருக்கும். 1962-இல் அந்த முறை வந்ததிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூட அதில் தோற்றதில்லை. 2010 நவம்பரில் மூவரின் முறை வந்தது. தலைமை நீதிபதி மார்ஷா டர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர். அந்த ஆண்டு ஆளுநர் பதவிக்கான உட்கட்சிப் போட்டியில் தோற்ற பாப் வாண்டர் பிளாட்ஸ் அவர்களுக்கு எதிரான பிரச்சாரத்துக்குத் தலைமை ஏற்றார். வெளிமாநில அமைப்புகளின் பணம் வந்து இறங்கியது. நீதிபதிகள் மூவரும் நன்கொடை திரட்டவில்லை, விளம்பரம் செய்யவில்லை. நீதிபதி வாக்குக் கேட்கத் தெருவில் இறங்கினால் நீதிமன்றமே கட்சியாகிவிடும் என்று நினைத்தார்கள். மூவரும் தோற்றார்கள். டர்னஸ் அந்த மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. தீர்ப்பை எழுதியவர் மார்க் கேடி. அவருடைய முறை அந்த ஆண்டு வரவில்லை, ஆகவே அவர் தொடர்ந்தார், பிறகு தலைமை நீதிபதியும் ஆனார். யார் எழுதியது என்று பார்க்காமல் யார் கைக்கெட்டினார்களோ அவர்களைத் தண்டித்த தேர்தல் அது. அந்த மூவருக்கும் கென்னடி நினைவாக வழங்கப்படும் துணிவுக்கான விருது கிடைத்தது 2012-இல். நாற்காலி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, நியூயார்க் மாநில செனட். 2009 டிசம்பரில் திருமண மசோதா அங்கே 38-க்கு 24 என்று தோற்றிருந்தது. 2011-இல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ மறுபடி முயன்றார். 62 இடங்களில் 32 குடியரசுக் கட்சிக்கு. ஜனநாயகக் கட்சியின் முப்பது பேரில் ஒருவர் எதிர்ப்பு. ஆகவே குடியரசுக் கட்சியிலிருந்து மூவராவது வந்தாக வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் கை கொடுத்தவர் ஜேம்ஸ் அலேசி. 2009-இல் இல்லை என்று வாக்களித்துவிட்டுத் தலையைக் கைகளில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அடுத்து ராய் மெக்டொனால்ட். 2011 ஜூன் 24, வெள்ளி இரவு. கடைசிவரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்த ஸ்டீபன் சேலண்ட் எழுந்து, சரியானதைச் செய் என்று வளர்த்த பெற்றோரை நினைவுகூர்ந்து, ஆதரித்துப் பேசினார். அந்த வாக்கோடு மசோதா பிழைத்தது. பஃபலோ நகரின் மார்க் கிரிசான்டி, நான் கத்தோலிக்கன், ஆனால் வழக்கறிஞனாக யோசித்துப் பார்த்தால் இந்த மக்களுக்கு இந்த உரிமையை மறுக்க எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை என்றார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் இதை எதிர்ப்பதாகச் சொன்னவர்தான் அவர். 33-க்கு 29. நள்ளிரவுக்குச் சற்று முன் குவோமோ கையெழுத்திட்டார்.

அந்த நால்வரின் கதை என்ன ஆனது? நியூயார்க்கில் கன்சர்வேட்டிவ் கட்சி என்று ஒரு சிறு கட்சி உண்டு. தனித்து நின்று வெல்லாது, ஆனால் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் பலருக்கு அதன் ஆதரவு இல்லாமல் கரையேற முடியாது. ஆதரித்து வாக்களிப்பவருக்கு எங்கள் சின்னம் கிடையாது என்று அதன் தலைவர் முன்பே எச்சரித்திருந்தார். நியூயார்க் மேயர் புளூம்பெர்க் உட்பட ஆதரவாளர்கள் நால்வருக்கும் தாராளமாக நன்கொடை தந்தார்கள். பணத்தால் ஆகவில்லை. அலேசி 2012-இல் போட்டியிடவில்லை. மெக்டொனால்ட் உட்கட்சித் தேர்தலில் மயிரிழையில் தோற்றார். சேலண்ட் உட்கட்சித் தேர்தலை நூற்றுச் சொச்சம் வாக்குகளில் தாண்டினார். ஆனால் அங்கே தோற்றவர் கன்சர்வேட்டிவ் சின்னத்தில் பொதுத்தேர்தலிலும் நின்று வாக்கைப் பிரித்தார். 1990 முதல் செனட்டில் இருந்த சேலண்ட் வீழ்ந்தார். கிரிசான்டி 2012-இல் வென்று 2014 உட்கட்சித் தேர்தலில் வீழ்ந்தார். நால்வரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இந்த நால்வரும் நமக்குக் காட்டுகிறார்கள். 2011-இல் அமெரிக்கர்களில் 53 விழுக்காடு பேர் ஆதரவு என்று கேலப் சொன்னது. பெரும்பான்மை வந்துவிட்டது. ஆனால் ஒரு மாநில செனட் உறுப்பினரின் வாழ்வைத் தீர்மானிப்பது நாட்டின் பெரும்பான்மை இல்லை. சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலுக்கு வரும் சில ஆயிரம் பேர். வேறு எதற்கும் வராவிட்டாலும் இதற்காக மட்டும் வரிசையில் வந்து நிற்பவர்கள் அவர்கள். ஒபாமாவுக்கு 2012-இல் கட்சிக்குள் அப்படிப்பட்ட போட்டி இல்லை. திருமணத்தை எதிர்த்தவர்கள் எப்படியும் அவருக்கு வாக்களிக்கப் போவதில்லை. தயங்கி நின்ற ஆதரவாளர்களுக்கோ உற்சாகம் வந்தது. பெரிய தலைவருக்குப் பெரிய ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். பெரிய தலைவருக்குக் கவசம் அதிகம் என்பதுதான் உண்மை. அதனால் அவர் முதலில் பேசக் கடமைப்பட்டவர் என்று நான் நம்புகிறேன். அவர் பேசியிருந்தால் அயோவாவின் மூன்று நீதிபதிகளுக்கும் நியூயார்க்கின் நான்கு உறுப்பினர்களுக்கும் ஒதுங்க ஒரு நிழல் இருந்திருக்கும்.

பிரிட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதமர் டேவிட் கேமரன் 2011 கட்சி மாநாட்டில், நான் பழமைபேணும் கட்சிக்காரன் என்பதாலேயே தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கிறேன் என்றார். 2013 பிப்ரவரி 5 அன்று மசோதா 400-க்கு 175 என்று தேறியது. ஆனால் அவருடைய கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள் அதிகம். எதிர்க்கட்சியின் தயவில் தன் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார். கிளைகளில் மனக்கசப்பு மண்டியது. 2015-இல் அவருக்குத் தனிப் பெரும்பான்மையே கிடைத்தது.

கவசமில்லாமல் முந்தியவர்களில் தப்பிப் பிழைத்தவரும் உண்டு. கேவின் நியூசம் 2004 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேயரானார். ஐந்தே வாரத்தில், பிப்ரவரி 12 அன்று, தன்பாலின இணையருக்குத் திருமண உரிமம் வழங்க ஆணையிட்டார். ஏறத்தாழ நாலாயிரம் இணையர் மணம் செய்துகொண்டார்கள். அவ்வாண்டுத் தேர்தல் தோல்விக்குப் பின் சொந்தக் கட்சியின் மூத்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன், எல்லாம் மிக அவசரமாக நடந்துவிட்டது என்று அவர் பக்கம் விரல் நீட்டினார். நியூசம் பின்னர் கலிபோர்னியாவின் ஆளுநரானார் என்பது தெரிந்ததே. நான் சொல்லவருவது அவரைப் பற்றி இல்லை. அந்த முதல் நாள், முதல் இணையராக மணம் செய்துகொண்ட இரண்டு முதிய பெண்களைப் பற்றி.

டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன். ஒருவருக்கு 82, மற்றவருக்கு 79. ஐம்பத்தொரு ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்கள். 1955-இல், பெண்களை விரும்பும் பெண்களுக்காக 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்ற அமைப்பைத் தோழிகள் சிலரோடு தொடங்கியவர்கள். பிப்ரவரியில் நடந்த திருமணத்தை ஆகஸ்ட் 12 அன்று மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நாலாண்டு கழித்து அதே நீதிமன்றம் கதவைத் திறந்ததும், 2008 ஜூன் 16 மாலை, அதே நகர மன்றத்தில் மறுபடி மணம் செய்துகொண்டார்கள். இரண்டு திருமணத்துக்கும் அதே உடை. டெல் இம்முறை சக்கர நாற்காலியில் வந்தார். ஆகஸ்ட் 27 அன்று இறந்தார். சாடில்பேக் தேவாலயத்தில் ஒபாமா திருமணத்தின் இலக்கணத்தைச் சொன்னது அதற்குப் பதினொரு நாள் முன்னால்.

காலம் கனியட்டும் என்று தலைவர்கள் சொல்லும்போது யாருடைய காலத்தைச் செலவழிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. டெல்லுக்கும் ஃபிலிஸுக்கும் அரை நூற்றாண்டு வாழ்வில் சட்டம் ஏற்ற மணவாழ்வு பத்து வாரம். நியூயார்க்கில் எடித் வின்ட்சர், நாற்பதாண்டுக்கு மேல் தன்னோடு வாழ்ந்த தியா ஸ்பையர் 2009-இல் இறந்தபோது, கிளின்டன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தால் ஒன்றிய அரசின் கண்ணில் அந்நியரானார். மனைவியாக ஏற்றிருந்தால் ஒரு காசு கட்டத் தேவையில்லாத மரபுச் சொத்து வரியாக 3,63,053 டாலர் கட்டினார். வழக்குப் போட்டார். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவை உடைத்தது, 2015 ஜூன் 26 அன்று நாடு முழுவதும் திருமண உரிமை வந்தது. வாக்கு இழப்பைக் கணக்கிட நூறு கணிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. இந்த இழப்பை யாரும் கணிக்கவில்லை.

தீர்ப்போடு ஆபத்து முடிந்துவிட்டதா என்றால், முடியவில்லை. 2012 மே மாதம் வட கரோலினாவில் அந்தத் தடைத் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த மாநில அவையின் தலைவர் தாம் டில்லிஸ். குடியரசுக் கட்சிக்காரர். வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்னால் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசியபோது, இது நிறைவேறினாலும் இருபது ஆண்டுக்குள் நீக்கப்பட்டுவிடும், இது தலைமுறை விவகாரம் என்று அவரே சொன்னார். 2014-இல் அமெரிக்க செனட்டுக்குப் போனார். 2022-இல், உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்ததைப்போல் திருமண உரிமையையும் பறித்துவிடுமோ என்ற கவலையில் திருமண மதிப்புச் சட்டம் வந்தபோது, அதை உருவாக்கிப் பேரம் பேசி நிறைவேற்றிய சிலரில் டில்லிஸ் ஒருவர். நவம்பர் 29 அன்று செனட்டில் 61-க்கு 36. குடியரசுக் கட்சியிலிருந்து பன்னிரண்டு பேர் ஆதரித்தார்கள். டிசம்பரில் அதில் கையெழுத்திட்டவர் ஜோ பைடன்.

2023 ஜூனில் வட கரோலினா குடியரசுக் கட்சி மாநாடு கூடி டில்லிஸைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அவர் மீதான குற்றச்சாட்டுகளில் இந்த வாக்கும் ஒன்று. 2012-இன் தடை வாக்கியம் அந்த மாநிலச் சாசனத்தில் இன்றும் அச்சில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செயலிழந்து கிடக்கிறது, ஆனால் நீக்கப்படவில்லை. நீக்க வேண்டுமானால் மாநிலத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஆதரித்து, பிறகு மக்களிடம் வாக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மசோதாவுக்குக் கை தூக்குகிற ஒவ்வொரு குடியரசுக் கட்சி உறுப்பினரும் அடுத்த உட்கட்சித் தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.